மூச்சைப் பிடிக்காதே

ஸ்கூபா டைவிங் போய்வந்தவர்கள் எல்லோரும் மீனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். படங்களும் அப்படித்தான்: நீலத் தண்ணீர், மஞ்சள் மீன்கூட்டம், நடுவில் விரலால் வட்டம் காட்டிக்கொண்டு ஒருவர். நானும் மீன் பார்க்கத்தான் போனேன். ஆனால் முதல் முறை கடலுக்கடியில் போகிறவரின் கவனம் முக்கால்வாசி மீனில் இருப்பதில்லை, தன் மூச்சில்தான் இருக்கிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

தீவுக்கு விடுமுறை என்று முடிவானதுமே தங்கை இதையும் திட்டத்தில் சேர்த்துவிட்டாள். "நீச்சல்கூடத் தெரிய வேண்டாமாம் அக்கா, அவங்களே பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்" என்றாள். அது பாதி உண்மை. பயிற்சியாளர் உடனிருக்கும் அறிமுக டைவுக்குப் பெரிய நீச்சல்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டாலே பதறுகிறவர், குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ கொஞ்ச நாள் முகத்தை அமிழ்த்திப் பழகிவிட்டுப் போவது நல்லது. கீழே போனதும் தொல்லை கொடுப்பது கையும் காலும் இல்லை, மூக்குதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கரையில் முதலில் கைக்கு வருவது ஒரு மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், சாப்பிடும் மருந்துகள் என்று வரிசையாகக் கேள்விகள். சிலவற்றுக்கு 'ஆம்' என்று போட்டால், மருத்துவர் எழுதித் தராமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். படகு காத்திருக்கிறது, பணம் கட்டியாகிவிட்டது, வெயில் ஏறுகிறது. அந்த அவசரத்தில் வாசித்தும் வாசிக்காமலும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறவர்களை நான் அங்கேயே பார்த்தேன். படிவத்தைக் கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து நிரப்புங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், மருந்தின் வேகம் நீருக்கடியில் குறைந்துவிட்டால், மேலே ஏறும்போது காதுக்குள் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்று, டைவிங்கை விடுமுறையின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது நிதானமாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறினால், உள்ளே குறைந்த அழுத்தம் இருப்பதால், கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரியக்கூடும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம் என்பது பொதுவான அறிவுரை. இந்தக் கணக்குகளுக்கு அடிப்படை போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி. அழுத்த அறைக்குள் ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எப்படி நின்று நின்று ஏற வேண்டும் என்று 1908-ல் அட்டவணையே போட்டுக் கொடுத்தார். பாவம் ஆடுகள்.

உபகரணங்களை மாட்டிக்கொண்டு நிற்பது கம்பீரமான காரியம் அல்ல. ஒட்டிப்பிடித்த வெட்சூட் என்ற ரப்பர் உடை, இடுப்பில் ஈயக்கட்டிகள், முதுகில் சிலிண்டர். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நிற்க முடியாது. நிறைய பேர் அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கிற அதே சாதாரணக் காற்றுதான், வடிகட்டி அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்சிஜனை அடைத்துக்கொண்டு போனால் ஆறேழு மீட்டருக்குக் கீழே அதுவே நஞ்சாகி வலிப்பை வரவழைக்கக்கூடும். பரவலாகப் பயன்படும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர்தான். ஆனால் 200 பார், அதாவது கடல் மட்டக் காற்றைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் அதில் 2,200 லிட்டர் காற்று அடங்குகிறது. அந்தக் காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல்! காற்றைக் கிலோக் கணக்கில் சுமப்பேன் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்த அழுத்தக் காற்றை அப்படியே வாய்க்கு விட்டால் நுரையீரல் தாங்காது. சரி, சிலிண்டரே இல்லாமல் ஒரு நீளக்குழாயை மேலே நீட்டி சுவாசிக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சை நாலாபுறமும் அழுத்தும் தண்ணீரை எதிர்த்து மூச்சை இழுக்க நம் தசைகள் திணறிவிடும். சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் எவ்வளவோ, அதே அழுத்தத்தில், கேட்கும்போது மட்டும் காற்று வர வேண்டும். வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டர் செய்வது அதைத்தான். மூச்சை இழுத்தால் உள்ளே உள்ள மெல்லிய சவ்வு உள்வாங்கி வால்வைத் திறக்கும், நிறுத்தினால் மூடிவிடும். 1943-ல் பிரான்சில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதைத்தான் மூச்சு விடுவதற்கு ஏற்றபடி மாற்றினார்கள். கார் எஞ்சினுக்காகச் செய்த ஒன்றின் வாரிசை வாயில் கடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பயந்திருப்பேன்.

எங்கள் பயிற்சியாளர் அதிகம் பேசாத ஆள். நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்தி, "இன்னிக்கு நீங்க ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சிருந்தா போதும். எதுக்காகவும் மூச்சைப் பிடிக்காதீங்க" என்றார். அப்புறம் காரணத்தையும் சொன்னார். கடல் மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகிறது. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலில் அதற்கு இடமில்லை, கிழிந்துவிடும். ஆழம் குறைவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அழுத்தம் வேகமாக மாறுவது மேல்மட்டத்தில்தான். மூச்சைப் பிடித்தபடி ஓரிரு மீட்டர் ஏறினாலே ஆபத்து. தொடர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் விரியும் காற்று தானாக வெளியேறிவிடும்.

கேட்கும்போது இதைவிட எளிய விதி இல்லை என்று தோன்றியது. ஆனால் தண்ணீர் தலைக்கு மேல் போனால் மூச்சை அடக்கு என்றுதான் பிறந்ததிலிருந்து உடம்பு கற்றுவைத்திருக்கிறது. முழங்காலிட்டுத் தலையை அமிழ்த்தியதும் என் மார்பு பூட்டிக்கொண்டது. வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, காற்று வரும் என்று மூளைக்குத் தெரியும், மார்புக்குத் தெரியவில்லை. பயிற்சியாளர் என் முகத்துக்கு நேரே வந்து, உள்ளங்கையை வாயருகே வைத்து வெளியே தள்ளிக் காட்டினார்: விடு, விடு. விட்டேன். குமிழிகள் காதோரம் சடசடவென்று போயின. இழுத்தேன். சீறலோடு காற்று வந்தது, வறண்ட, குளிர்ந்த காற்று. அந்த முதல் சில மூச்சுகளில் பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரித்தால், கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் மாஸ்குக்குள் தண்ணீர் புகும் என்பது அடுத்த பாடம்.

மாஸ்குக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்ற, அதன் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, லேசாக நிமிர்ந்து, மூக்கு வழியாக ஊத வேண்டும். தண்ணீர் கீழ்விளிம்பு வழியாக வெளியேறிவிடும். அதாவது வாயால் இழுத்து மூக்கால் விட வேண்டும், அதுவும் மூக்கைச் சுற்றி உப்புத்தண்ணீர் தளும்பும்போது. நான் சொன்ன மூக்குத் தொல்லை இதுதான். தங்கை எளிதாகச் செய்துவிட்டாள். நான் இருமி, எழுந்து, மறுபடி அமிழ்ந்து, மறுபடி எழுந்தேன். பயிற்சியாளர் அவசரப்படுத்தவே இல்லை. அந்த ஆளைப் பற்றி நல்லபடியாக எழுத வேறு காரணமே வேண்டாம். ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்வது நான் பயந்த அளவுக்கு இல்லை. அது வெளியே இருக்கும் நேரம் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகளாக ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது அல்லவா, அதற்கு அங்கேயும் விலக்கு இல்லை.

ஆழத்துக்கு இறங்கியபோது மூச்சை மறக்கடித்தது காது. வெளியே தண்ணீரின் அழுத்தம் கூடக் கூட, செவிப்பறை உள்ளே தள்ளப்படுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால், தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் திறந்து உள்ளேயும் காற்று ஏறி, இரண்டு பக்கமும் சமமாகும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே, ஒவ்வொரு முழம் இறங்கும்போதும் செய்ய வேண்டும். வலித்தால் அதோடு போராடாமல் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். என் வலது காது உடனே திறந்துகொண்டது, இடது காது அடம்பிடித்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். எங்களோடு வந்த ஒருவருக்குக் கடைசிவரை காது திறக்கவே இல்லை. அவர் திரும்பிப் படகுக்குப் போய்விட்டார். போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர் செவிப்பறையாவது பிழைத்தது.

கீழே போனதும் தங்கை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், சூப்பர் என்கிற அர்த்தத்தில். டைவிங்கில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். பயிற்சியாளர் சட்டென்று அவள் கையைப் பிடித்து ஏறத் தயாராகிவிட்டார். கரையில் இதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். நல்லபடியாக இருந்தால் வட்டம் காட்ட வேண்டும். அவள் பதறி, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி வட்டம் காட்டினாள்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூச்சு அரைகுறையாக, வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் காற்று வேண்டும், இன்னும் வேண்டும் என்று நெஞ்சு கேட்டது. அந்தத் தவிப்பு காற்றுப் பற்றாக்குறையால் வருவதல்ல. மூச்சு விடு என்று உடம்பை விரட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதில்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். மேலோட்டமாக மூச்சு வாங்கினால் அது சரியாக வெளியேறுவதில்லை. சேரச் சேரத் தவிப்பு கூடும், தவிப்பு கூடினால் மூச்சு இன்னும் மேலோட்டமாகும். மருந்து, இழுப்பதில் அல்ல, விடுவதில் இருக்கிறது. முழுக்க, நிதானமாக, அடிவயிறு ஒட்டும்வரை விட்டால் அடுத்த மூச்சு தானாக ஆழமாக வரும். பயிற்சியாளர் கையை மெல்ல ஏற்றி இறக்கிக் காட்டிய தாளத்தில் விட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் தோள்கள் இறங்கின. மணலில் கிடந்த ஒரு கடல் அட்டை அப்போதுதான் கண்ணில் பட்டது. அதுவரை அதன் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்!

மூச்சு அடங்கினால் இன்னொரு வித்தையும் கைவருகிறது. சரியான எடையில் மிதக்கும்போது, இழுத்தால் உடம்பு மெல்ல எழுகிறது, விட்டால் தாழ்கிறது, ஒரு நொடி தாமதமாக. காலை உதைக்காமல் ஒரு பாறையின் மேல் ஏறி இறங்கலாம். அறிமுக டைவில், மிதப்பதற்காக மாட்டிக்கொள்ளும் ஜாக்கெட்டில் காற்றைக் கூட்டிக் குறைப்பது பயிற்சியாளர் வேலை, அதனால் இதை நான் அரைகுறையாகத்தான் அனுபவித்தேன். அனுபவித்த அளவுக்கு, பார்த்த எந்த மீனையும்விட எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

கண்ணும் காதும் அங்கே வேறு கணக்கில் வேலை செய்கின்றன. தண்ணீரிலிருந்து மாஸ்குக்குள் உள்ள காற்றுக்கு வரும்போது ஒளி வளைவதால், எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், அருகில் இருப்பதாகவும் தெரிகின்றன. டைவர்கள் சொல்லும் மீன் அளவைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும், என்னுடையதையும் சேர்த்து. சிவப்பு முதலில் மறைகிறது. தங்கையின் சிவப்புக் கைப்பட்டை சில மீட்டர்களிலேயே அழுக்குப் பழுப்பாகிவிட்டது. ஒலி காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போவதால், இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. படகுச் சத்தம் எந்தத் திசையிலிருந்து என்று சொல்லவே முடியவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால், காய்ந்த சருகை யாரோ இடைவிடாமல் மிதிப்பது போல ஒரு நொறுங்கல். சொடுக்கு இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும்போது உண்டாகும் குமிழி உடைகிற சத்தம் அது. மௌனமான உலகம், மௌனமான உலகம் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! மூச்சின் சீறல், குமிழிகளின் கொப்பளிப்பு, இறால்களின் நொறுங்கல் என்று ஏக இரைச்சல்.

சரி, மீன்கள். பூப்போலத் தெரியும் கடற்சாமந்தி என்ற விலங்கின் விரல்களுக்குள் கோமாளி மீன்கள் இருந்தன. எல்லோரும் அங்கே கூடிப் படம் எடுத்தார்கள். அவை எல்லாம் ஆணாகத்தான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியதுதான் பெண். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. ஒரு பாறை முனையில் விரல் நீள நீலக்கோட்டு மீன் ஒன்று ஆடிக்கொண்டே இருக்க, அதைவிடப் பல மடங்கு பெரிய மீன் ஒன்று வந்து, வாயைத் திறந்து, அசையாமல் நின்றது. சின்னது செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் போய் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்றுவிட்டு வெளியே வந்தது. பின்னால் இன்னொரு மீன் முறைக்குக் காத்திருந்தது. பாறை இடுக்கில் அஞ்சாளை என்ற பாம்பு போன்ற மீன் ஒன்று வாயைத் திறந்து மூடியபடி இருந்தது. மிரட்டுகிறது என்று நினைத்தேன். அது மூச்சு விடும் விதமே அப்படித்தானாம், செவுள் வழியே தண்ணீரைத் தள்ளுவதற்கு. அங்கே எனக்கு மிக நெருக்கமான ஜீவனாக அது தெரிந்தது. கிளிமீன்கள் பாறையைக் கடிப்பது காதில் கேட்கும். பாசியோடு சுண்ணாம்பையும் அரைத்து விழுங்கி மணலாகக் கழிக்கும். முந்தின நாள் காலை நீட்டிப் படுத்திருந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததாக இருக்கலாம்.

பவளத்தில் சில பகுதிகள் எலும்பு வெள்ளையாக இருந்தன. அழகாக இருக்கிறது என்று தங்கை சுட்டிக் காட்டினாள். மேலே வந்த பிறகு பயிற்சியாளர்தான் விளக்கினார். பவளம் ஒரு விலங்கு. அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பங்கு உணவும் நிறமும் தருகிறது. கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே அந்தப் பாசி வெளியேறிவிடுகிறது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, வெப்பம் தணிந்தால் மீளக்கூடும், நீடித்தால் பட்டினியில் சாகும். உலகளாவிய வெளுப்பு முதலில் பதிவானது 1998-ல். 2024 ஏப்ரலில் நான்காவது அறிவிக்கப்பட்டது. அப்படி இருக்க, படத்துக்காகப் பவளக்கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கும் ஆட்களையும் அதே கடலில் பார்த்தேன். வேறொரு படகிலிருந்து வந்தவர்கள். அவர்களின் வழிகாட்டியே கையைப் பிடித்துப் பவளத்தின் மேல் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. தண்ணீருக்கடியில் திட்டவும் முடியாது.

அறிமுக டைவுக்குப் பொதுவாக 12 மீட்டர்தான் எல்லை. அவ்வளவு ஆழமும் போயே தீர வேண்டும் என்று யாரும் ஏங்க வேண்டாம். நிறமும் வெளிச்சமும் ஐந்தாறு மீட்டரில்தான் அதிகம். ஆழம் கூடக் கூடக் காற்றும் சீக்கிரம் தீரும். 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரிலிருந்து இரண்டு மடங்கு காற்றை எடுக்கிறது. பதிவு செய்யும்போது எவ்வளவு ஆழம் கூட்டிப்போவீர்கள் என்று கேட்பதைவிட, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், ஆழமற்ற நீரில் எவ்வளவு நேரம் பயிற்சி என்று கேளுங்கள். அந்தப் பயிற்சியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவோம் என்று பெருமையாகச் சொல்கிற இடத்துக்கு நான் போக மாட்டேன்.

ஏறும்போது சொந்தக் குமிழிகளை முந்தாமல், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல், மூச்சு விட்டுக்கொண்டே ஏற வேண்டும். மேலே வந்து மாஸ்கைக் கழற்றினால் மூக்கு ஒழுகியிருக்கும், மேலுதட்டில் கோடு விழுந்திருக்கும், ரெகுலேட்டரைத் தேவைக்கு மேல் கடித்ததில் தாடை வலிக்கும். வெதுவெதுப்பான கடல்தான். ஆனாலும் பல் கிட்டியது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. வறண்ட காற்றைச் சுவாசித்ததில் தாகமோ தாகம்.

தங்கை திரும்பி வந்ததும் முழுப் பயிற்சிக்கே பெயர் கொடுத்துவிட்டாள். அதை முடித்தால் துணைக்கு ஒருவருடன், பயிற்சியாளர் இல்லாமலே 18 மீட்டர் வரை போகலாம். அதற்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். "நீயும் சேரு அக்கா, தனியாப் போரடிக்குது" என்கிறாள். நீந்திவிடுவேன், மிதந்தும் விடுவேன். நீருக்கடியில் மாஸ்கை முழுக்கக் கழற்றி, அது இல்லாமல் ஒரு நிமிடம் மூச்சு விட்டு, திரும்ப மாட்டித் தண்ணீரை ஊதி வெளியேற்றுவது என்று ஒரு பாடம் இருக்கிறதாம். என் மூக்கு அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. இப்போதைக்கு வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி, வாயில் ஸ்நார்கல் என்ற மூச்சுக்குழாயை வைத்துக்கொண்டு, மூக்கைத் திறந்தபடி மூச்சு விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வரை எண்ண முடிகிறது.